லண்டனில் ‘கேஸ்ட்ரோபப்’ என்கிறார்களே, அது என்ன? சாதாரண பப்பிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

பப்பின் சூழல் அப்படியே இருக்க, சாப்பாடு மட்டும் நல்ல உணவகத் தரத்தில் கிடைக்கும் இடம்தான் கேஸ்ட்ரோபப். டீக்கடையில் பெஞ்சும் பாய்லரும் அப்படியே கிடக்க, கைதேர்ந்த ஒருவர் உள்ளே வந்து மீன்குழம்புச் சாப்பாடு போட ஆரம்பித்தால் எப்படியிருக்கும், அப்படி.

இதன் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. பிரிட்டனில் ஏராளமான பப்கள் பெரிய பீர் கம்பெனிகளின் கையில் இருந்தன. 1989-இல் அரசு அதற்கு வரம்பு கட்ட, பல பப்கள் கைமாறின. தனி உணவகம் தொடங்குமளவு பணமில்லாதவர்களுக்கு அது வழிவிட்டது. லண்டனின் ஃபாரிங்டன் சாலையில் 1991-இல் டேவிட் ஐரும் மைக் பெல்பெனும் எடுத்து நடத்திய ‘தி ஈகிள்’தான் முன்னோடி. கவுன்டரை ஒட்டியே அடுப்பு, கரும்பலகையில் அன்றைய சாப்பாட்டுப் பட்டியல்.

ஊருக்குப் புதியவர் என்றால் ஞாயிறு மதியம் போங்கள். ரோஸ்ட் செய்த இறைச்சி, மொறுமொறு உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங் (இனிப்பல்ல, மாவும் முட்டையும் பாலும் கலந்து உப்பலாகச் சுட்டது), மேலே சுடச்சுட கிரேவி. இதைத் தவறவிடவே கூடாது. கூட்டம் அதிகம், முன்பதிவு செய்துவிடுங்கள். பல இடங்களில் கவுன்டருக்குப் போய்த்தான் ஆர்டர் சொல்ல வேண்டும்.

குடிக்காதவர்களுக்கு அங்கே வேலையில்லை என்று பலர் தயங்குகிறார்கள். ஒரு எலுமிச்சை சோடாவோடு தாராளமாகச் சாப்பிடலாம், குழந்தைகளோடு வரும் குடும்பங்களும் அங்கே சகஜம்.