விதையா, விதை எண்ணெய் மாத்திரையா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 61. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. புரட்டாசி முழுவதும் நாங்கள் மீனும் இறைச்சியும் தொடுவதில்லை. அந்த மாதத்தில் மீன் எண்ணெய் மாத்திரைக்குப் பதிலாகச் சாப்பிடும்படி என் மகள் ஆளிவிதை எண்ணெய் மாத்திரை வாங்கி வந்திருக்கிறாள். இரண்டும் ஒன்றுதானா? அழுத்தம் குறையுமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: இரண்டும் ஒன்றல்ல, அம்மா. ஆளிவிதை எண்ணெயில் பாதிக்குச் சற்று மேல் ஆல்பா லினோலெனிக் அமிலம் என்னும் ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது. மீனில் உள்ளவை இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் வேறு இரண்டு ஒமேகா-3 கொழுப்புகள். நம் உடல் முதலாவதைக் கொண்டு மற்ற இரண்டையும் செய்துகொள்ளும் என்பது உண்மையே என்றாலும், இ.பி.ஏ.யாக மாறுவது நூற்றில் சில பங்குதான், டி.எச்.ஏ.யாக மாறுவது அதனினும் குறைவு. மீனுக்கே இந்தச் சத்து கடலின் நுண்பாசிகளிலிருந்துதான் வருகிறது என்பதால், சைவமாகவே வேண்டும் என்போருக்கு நுண்பாசி எண்ணெய் மாத்திரைகள் விற்கப்படுகின்றன. ஆனால் ஒரு மாத விரதத்துக்காக அதற்குச் செலவழிக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். விரதம் முடிந்ததும் நீங்கள் வழக்கமாகச் செய்யும் டின் மீன் சட்னியே இந்தக் கொழுப்புகளைத் தாராளமாகத் தந்துவிடும்.

இரத்த அழுத்தத்தைப் பற்றிய கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. கனடாவில் கால் தமனிகளில் அடைப்பு உள்ளவர்களுக்கு நாள்தோறும் 30 கிராம் ஆளிவிதைப் பொடியை ரொட்டி போன்ற உணவுகளில் கலந்து ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. பொடி சாப்பிட்டவர்களின் மேல் அழுத்தம், சாப்பிடாதவர்களைவிட ஏறத்தாழ 10 புள்ளி குறைவாக இருந்தது. மாத்திரை விற்பவர்கள் இந்த ஆய்வை எடுத்துக் காட்டும்போது, அதில் கொடுக்கப்பட்டது பொடியே தவிர எண்ணெய் அன்று என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். விதையைப் பிழியும்போது நார்ச்சத்து முழுவதும், லிக்னான் என்னும் பொருளில் பெரும்பகுதியும் பிண்ணாக்கோடு போய்விடுகின்றன. எண்ணெயைத் தனியே கொடுத்துப் பார்த்த சோதனைகளில் பலன் இத்தனை தெளிவாகத் தெரியவில்லை.

கணக்குப் பார்த்தாலும் விதையே மேல். 1000 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் கிடைக்கும் ஆல்பா லினோலெனிக் அமிலம் சுமார் அரைக் கிராம். பெண்களுக்கு ஒரு நாளைக்குப் போதுமென்று சொல்லப்படும் அளவு 1.1 கிராம், ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியிலோ ஒன்றரைக் கிராமுக்கு மேல் இருக்கிறது. விதையை முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும் என்பதால், இலேசாக வறுத்துப் பொடித்து, மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு, ரொட்டி மாவிலோ பருப்பிலோ கலந்து சாப்பிடுங்கள். தண்ணீர் கூடுதலாகக் குடியுங்கள். நார்ச்சத்து மருந்து உடலில் சேர்வதைத் தாமதப்படுத்தக் கூடுமாதலால், நீங்கள் சாப்பிடும் மருந்துக்கும் இந்தப் பொடிக்கும் இடையே ஓரிரு மணி நேரம் விட்டுவிடுங்கள். அழுத்தத்துக்கான மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மகள் வாங்கிய புட்டியை வீணாக்க மனம் வராது. ஒரு மாத்திரையை ஊசியால் குத்தி முகர்ந்து பாருங்கள். கிரிக்கெட் மட்டைக்கு நம் வீட்டுப் பையன்கள் தடவும் லின்சீட் எண்ணெய் இதே ஆளிவிதையின் எண்ணெய்தான். காற்றுப் பட்டால் கெட்டிப்படும் அதன் குணமே மரத்துக்கு நல்லது, வயிற்றுக்கு ஆகாதது. வர்ணப்பூச்சு வாடை அடித்தால் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

கேள்வி: சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிபென்கிளமைடும் சாப்பிடுகிறேன். கருஞ்சீரக எண்ணெய் சர்க்கரையை அடியோடு போக்கும் என்று நண்பர் ஒருவர் புட்டியைக் கொடுத்தார். சாப்பிடலாமா?
– ஒரு வாசகர், பீனிக்ஸ்

பதில்: அடியோடு போக்காது, ஐயா. கருஞ்சீரகத்திலுள்ள தைமோகுயினோன் என்னும் பொருளைப் பற்றி ஆய்வுகள் நிறையவே உண்டு. சர்க்கரையும் அழுத்தமும் ஓரளவு இறங்குவதாகச் சில சிறிய சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். சர்க்கரைக்கான அச்சோதனைகளில் பெரும்பாலானவை மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தவை, மருந்துக்குப் பதிலாக அன்று. உங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. கிளிபென்கிளமைடு தானாகவே சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய மருந்து. அதனோடு இந்த எண்ணெயும் சேர்ந்தால் காலையில் கைநடுக்கமும் வியர்வையுமாக எழுந்திருக்க நேரலாம். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுவோரும், கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவேண்டாம். குழம்பில் தாளிக்கும் கருஞ்சீரகத்துக்கு இந்தத் தடையெல்லாம் இல்லை.

புட்டியின் பின்புறத்தைப் படித்துப் பார்த்தீர்களா? பதிவு பெறாத இம்மருந்தின் தரமோ பாதுகாப்போ பயனோ மதிப்பிடப்படவில்லை என்ற வாசகம் பொடி எழுத்தில் இருக்கக்கூடும். நம் தென்னாப்பிரிக்க மருந்து ஒழுங்குமுறை ஆணையம் கேட்கும் அறிவிப்பு அது. முன்புறத்தின் பெரிய எழுத்துகளை நம்புவதற்குமுன் அதைப் படிப்பது நல்லது.

கேள்வி: ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரை என் மகனின் தோல் அரிப்புக்கு உதவுமா?
– ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: உதவாது. கரப்பான் என்னும் தோல் அழற்சிக்கு இதை மருந்தாக விற்க பிரிட்டனில் கொடுக்கப்பட்டிருந்த உரிமம், பயனுக்குப் போதிய சான்றில்லை என்று 2002-இல் திரும்பப் பெறப்பட்டது. 2013-இல் பல சோதனைகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோதும் வெற்று மாத்திரையைவிட இது மேலானதாகத் தெரியவில்லை. அந்தப் பணத்துக்கு வாசனை சேர்க்காத களிம்பு வாங்கி, பையன் குளித்த ஈரம் காயுமுன் உடம்பெங்கும் தாராளமாகத் தடவுங்கள்.