கோதோவும் வரவில்லை, டேபிளும் கிடைக்கவில்லை

கேள்வி: அந்தக்கால மேடை நாடகங்களையும் இந்தக்கால டிவி காமெடியையும் ஒப்பிட முடியுமா?

தாராளமாக. சாமுவேல் பெக்கட்டின் 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தையும் அமெரிக்கத் தொடரான 'சைன்ஃபெல்ட்'டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். யார் யாரைக் காப்பியடித்தது என்று பெரிய சண்டையே போடலாம். (நாடகம் மேடையேறியது 1953-இல், தொடர் ஆரம்பித்தது 1989-இல். அதனால் சண்டை சீக்கிரம் முடிந்துவிடும்.)

நாடகத்தில் விளாதிமிர், எஸ்ட்ரகான் என்று இரண்டு நாடோடிகள். ஒரு மரத்தடியில் கோதோ என்பவருக்காகக் காத்திருக்கிறார்கள். கோதோவுக்குப் பதில் ஒரு பையன் வந்து, "இன்னைக்கு வரமாட்டார், நாளைக்குக் கண்டிப்பா வருவார்" என்கிறான். இரண்டாம் அங்கத்திலும் இதே கதைதான்.

1991-இல் வந்த சைன்ஃபெல்ட் எபிசோட் ஒன்றில் நாயகன் ஜெர்ரி சைன்ஃபெல்ட், அவருடைய நண்பர்கள் ஜார்ஜ், எலெய்ன் மூவரும் ஒரு சைனீஸ் ரெஸ்டாரண்டில் டேபிளுக்காக நிற்கிறார்கள். எப்போது கேட்டாலும் அங்கிருப்பவர் "அஞ்சு, பத்து நிமிஷம்" என்பார். ஜார்ஜ் காஸ்டான்சாவுக்கு ஒரு போன் வர வேண்டும். வரவும் செய்கிறது, ஆனால் அந்த மனிதர் "கார்ட்ரைட்! கார்ட்ரைட்!" என்று கூவுகிறார், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாடகத்துப் பையனும் விளாதிமிரை 'மிஸ்டர் ஆல்பர்ட்' என்றுதான் கூப்பிடுவான்! கடைசியில் மூவரும் வெறுத்துப்போய் வெளியேறியதும் "சைன்ஃபெல்ட்!" என்று குரல் வரும். பெக்கட் இவ்வளவு கொடுமைக்காரர் இல்லை. அவருடைய ஆட்கள் "போகலாம்" என்பார்கள், அசைய மாட்டார்கள்.

இன்னொரு இடம். 1998-இல் வந்த கடைசி எபிசோடில் ஒருவரிடம் துப்பாக்கியைக் காட்டிக் காரைப் பறிக்கிறார்கள். நம் மூவரும் அவர்களுடைய நண்பர் கிரேமரும் உதவாமல் ஜோக்கடித்துக்கொண்டு நிற்கிறார்கள், கிரேமர் வீடியோ வேறு எடுக்கிறார். உதவாத குற்றத்துக்கு ஓராண்டு சிறை. நாடகத்தில் அந்த வழியாக வரும், கண்ணிழந்த போட்சோ என்பவர் கீழே விழுந்து "காப்பாத்துங்க" என்று கத்துகிறார். உதவலாமா, உதவினால் நமக்கு என்ன லாபம் என்று இங்கே ஆலோசனை நடக்கிறது. "வீண் பேச்சில் நேரத்தைக் கழிக்க வேண்டாம்" என்று ஆரம்பித்து விளாதிமிர் ஒரு நீண்ட பிரசங்கமே செய்கிறார். போட்சோ நூறு பிராங்க் என்கிறார், அப்புறம் இருநூறு. பிறகு தூக்கப் போன விளாதிமிரும் விழுந்து, அவரைத் தூக்கப் போன எஸ்ட்ரகானும் விழுகிறார். சரி, கையாவது கொடுத்தார்களே, அதே கோர்ட்டில் நிறுத்தினால் தண்டனை கொஞ்சம் குறையும்.

சிறை என்றதும் ஞாபகம் வருகிறது. 1956-இல் மயாமியில் இந்த நாடகத்தை வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கும் காமெடி என்று விளம்பரப்படுத்தினார்கள். நம்பி வந்த கூட்டம் பாதியில் எழுந்து போனது. மறு வருடம் கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் போட்டபோது கைதிகள் ஒன்றிப்போய்ப் பார்த்தார்கள். காத்திருப்பது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லையே.

ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்பேன். நாடகம் இருண்டது, தொடர் ஜாலியானது என்பார்கள். சைன்ஃபெல்ட் எழுத்தாளர்களுக்கு ஒரு விதி உண்டு: யாரும் கட்டிப்பிடிக்கக் கூடாது, யாரும் பாடம் கற்றுத் திருந்தக் கூடாது. பெக்கட்டிடம் கட்டிப்பிடித்தல் உண்டு. எஸ்ட்ரகானே ஆசையாகக் கேட்டு அணைத்துக்கொள்வார், உடனே "பூண்டு நாத்தம்!" என்று பின்வாங்குவார். "சிறுநீரகத்துக்கு நல்லது" என்று சமாதானம் வரும். இரண்டாம் அங்கத்தில் எஸ்ட்ரகான் தூங்கும்போது விளாதிமிர் தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்திவிட்டு, குளிருக்குக் கையை வீசிக்கொண்டு நடப்பார். ஜெர்ரி ஜார்ஜுக்குக் கோட்டைக் கொடுப்பாரா? அந்தக் கோட்டின் பட்டன் சரியான இடத்தில் இருக்கிறதா என்று வேண்டுமானால் ஒரு எபிசோட் முழுக்கப் பேசுவார்.

படித்துப் பார்க்க நினைத்தால், ஆழமான தத்துவம் என்று பயந்து ஆரம்பிக்காதீர்கள். தூக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று எஸ்ட்ரகான் இடுப்புக் கயிற்றை அவிழ்க்க, கால்சட்டை கழன்று விழும். முதல் மேடையேற்றத்தில் நடிகர் அதை இடுப்போடு பிடித்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டு, முழுதாகக் கணுக்கால்வரை விழ வேண்டும் என்று இயக்குநருக்குக் கடிதமே எழுதியவர் பெக்கட். முதலில் அந்த சைனீஸ் ரெஸ்டாரண்ட் எபிசோடைப் பார்த்துவிட்டு, சூட்டோடு சூடாக நாடகத்தைக் கையில் எடுங்கள்.