பத்து நிமிசக் கொப்பி: கேள்வியும் பதிலும்

கிளிநொச்சிப் பக்கம் பிள்ளையளுக்குப் பத்து நிமிச எழுத்துப் பயிற்சி குடுக்கிற இளைப்பாறின தமிழ் ரீச்சர் ஒருவர், வந்த கேள்வியளுக்குப் பதில் சொல்லுறார்.

பரந்தன், உயர்தர மாணவி: என்ர எழுத்து பாடப்புத்தகம் மாதிரிக் கிடக்குதாம். பத்து நிமிசப் பயிற்சியால மாறுமோ ரீச்சர்?

மாறும் பிள்ளை. பீட்டர் எல்போ எண்ட அமெரிக்கப் பேராசிரியர் 1973இல வந்த தன்ர புத்தகத்தில பரப்பின முறை இது. போனில பத்து நிமிசத்துக்கு அலாரம் வைச்சிட்டு எழுதத் தொடங்குங்கோ. பேனை நிக்கக்கூடாது. வெட்டக்கூடாது, திரும்பி வாசிக்கக்கூடாது. சொல் வராட்டில் கடைசிச் சொல்லையே திருப்பித் திருப்பி எழுதுங்கோ. முதல் மூண்டு நிமிசம் பள்ளிக்கூடக் கட்டுரைதான் வரும். அது தீர்ந்த பிறகுதான் நீங்கள் வருவியள்.

இரணைமடுக் குளத்தைப் பற்றி எழுதின ஒரு பொடியன்ர கொப்பியின்ர முதல் வரி: "இயற்கை அன்னையின் எழில் கொஞ்சும் இரணைமடு." அதே பக்கத்தின்ர அடியில: "வான்கதவு திறந்த அண்டைக்கு அப்பா சைக்கிள் பாறில இருத்திக் கொண்டுபோனவர். தண்ணியைக் காணமுதல் சத்தம் கேட்டது. அப்பா என்னவோ சொன்னவர், வாய் மட்டும் அசைஞ்சது." அந்தக் கடைசி வசனம் எனக்கு வந்திராது. "எழில் கொஞ்சும்" வாற இடத்தில எழுதிறவர் இல்லை, கவனம்.

மாங்குளம்: போனில எழுதலாமோ?

கொப்பி. போனில அழிக்கிறது லேசு, அதுதான் பிரச்சினை.

மல்லாவி, ஆசிரியர்: வகுப்பில 40 பிள்ளையள். என்ன பயிற்சி குடுக்கலாம்?

மாடு துலைஞ்ச கதை குடுங்கோ சேர். பட்டியில ஒரு மாட்டைக் காணேல்லை. அதை முதலில அம்மாவுக்குச் சொல்லவேணும், பிறகு கிராம சேவையாளருக்கு, பிறகு கூட்டாளிக்கு. ஒவ்வொண்டும் ஐஞ்சு வரி. அம்மாவுக்குச் சொல்லேக்க பிள்ளை பொய்யை எங்க ஒளிக்குது எண்டு பாருங்கோ. கிராம சேவையாளருக்கு எழுதேக்க எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி எழுதும். கூட்டாளிக்கு எழுதேக்க 40 பிள்ளையும் 40 மாதிரி. புள்ளி போடாதேங்கோ. சிவப்புப் பேனையைக் கண்டால் பிள்ளை திரும்ப இயற்கை அன்னையிட்டப் போயிடும்.

வவுனியா: எழுதினதைச் செயற்கை நுண்ணறிவிட்டக் குடுத்துத் திருத்தலாமோ?

திருத்தித் தரும். உங்கட குளத்தில அலை தாலாட்டும்.

தருமபுரம்: நாங்கள் 1977க்குப் பிறகு மலையகத்தில இருந்து வந்த குடும்பம். வீட்டில "அங்கிட்டு", "வந்துருச்சு" எண்டு கதைப்பம். பள்ளிக்கூடத்தில சிரிச்சதால இப்ப "எண்டு" போட்டு எழுதிறன். இதில எது என்ர குரல்?

ரெண்டும். உங்கட அம்மம்மா சொன்ன ஒரு வசனத்தை அவ சொன்னபடியே, ஒரு எழுத்தும் மாத்தாமல் எழுதுங்கோ. அதுக்குக் கீழ, அதைக் கேட்டு நிண்ட உங்களை உங்கட இப்பத்தைய பேச்சில எழுதுங்கோ. ரெண்டுக்கும் இடையில இருக்கிற தூரத்தைத்தான் வாசிக்கிற ஆள் தேடும்.

முள்ளியவளை, பெரியவர்: பிழையான புத்தி சொல்லுறியள். வன்னித் தமிழ் எண்டால் முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பழைய ஆக்களின்ர பேச்சு. மற்றதெல்லாம் கலப்பு.

ஐயா, உங்கட பேச்சில எனக்கு மரியாதை இருக்கு. வட்டப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்து வாய் பாத்துக்கொண்டு நிக்கிற ஆள் நான். ஆனால் குடியேற்றத் திட்டங்களோட குடாநாட்டு ஆக்கள் வந்தவை, மலையகத்து ஆக்கள் வந்தவை, இடம்பெயர்ந்து எல்லாரும் ஒரே தறப்பாளுக்குள்ள படுத்தவை. அதுக்குப் பிறகு கலப்பில்லாத வாயை எங்க தேடுறது? அந்தப் பிள்ளை "அங்கிட்டு" எண்டு எழுதினால் அது தருமபுரத்துச் சொல். தருமபுரம் வன்னிதானே?

முள்ளியவளை: அப்ப எங்கட சொல் அழியட்டும் எண்டுறியளோ?

இல்லை. "குளம் நிரம்பி வழிந்தது" எண்டு ஒரு பிள்ளை எழுதினால் நானும் "வான் பாய்ஞ்சது" எண்டு கேக்கேல்லையோ எண்டு விசாரிப்பன். ஆனால் அது அந்தப் பிள்ளையின்ர காதுக்குப் பழகின சொல்லாய் இருக்கவேணும். அகராதியில பொறுக்கிப் போட்ட வட்டாரச் சொல்லும் அடைமொழிதான்.

விசுவமடு: எத்தனை நிமிசம் எழுதவேணும்?

பத்து. தலைப்பிலயே கிடக்கு.

புதுக்குடியிருப்பு: 2009ஐ எழுதவேணும் எண்டு கொப்பியைத் திறந்தால் கை நடுங்குது.

அப்ப மூடி வையுங்கோ தங்கச்சி. பென்னிபேக்கர், பீல் எண்ட ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1986இல வெளியிட்ட ஆய்வில, மாணவர்கள் தங்கட ஆகக் கஷ்டமான அனுபவத்தை நாலு நாள், நாளுக்கு 15 நிமிசம் எழுதினவை. மனநிலையையும் சேர்த்து எழுதின ஆக்கள் பிறகு மருத்துவரிட்டப் போனது குறைவு. இதைச் சொல்லி ஆக்கள் உங்களை எழுதச் சொல்லுவினம். எழுதின உடன அந்த மாணவர்களுக்கு மனம் இன்னும் கனத்தது எண்டதைச் சொல்லமாட்டினம். அந்த மாணவர்கள் பங்கருக்குள்ள இருந்த ஆக்களும் இல்லை. எழுதவேணும் எண்டு பிறகு தோன்றினால் ஒரு பொருளில தொடங்குங்கோ: தறப்பாள் கட்டின கயிறு, முடிச்சுப் போட்ட விதம். அவ்வளவும் போதும், நிப்பாட்டலாம். கை நடுங்கிறது இரவு நித்திரையையும் கெடுத்தால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில கதையுங்கோ. அதைக் கொப்பியிட்ட விடாதேங்கோ.

பூநகரி: மூண்டு மாதம் எழுதிட்டன். எப்ப புத்தகம் போடலாம்?

அச்சகத்திட்டக் கேளுங்கோ.

முள்ளியவளை: கலப்பு கலப்புத்தான் ரீச்சர்.

மூண்டாந்தரம் ஐயா. உங்கட பேச்சில பத்து நிமிசம் பாலைப்பழம் பொறுக்கின கதை எழுதி அனுப்புங்கோ. வாயில பால் ஒட்டினதையும் எழுதுங்கோ. பிறகு சண்டை பிடிப்பம்.

ஒட்டுசுட்டான்: ரீச்சர், போனில எழுதலாமோ?

மேல வாசியுங்கோ. பொழுது படுது, நான் மாடு சாய்க்கப் போறன்.