டிராம் போகும் தெருவும் தனுஷ்கோடிப் படங்களும்

அன்புள்ள ஐயா,

பழைய சென்னைப் படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் தாத்தா போட் மெயில் ரயிலில் மெட்ராஸ் போய் வந்தவர். அவர் பெட்டியில் ஒரு பட அட்டை கிடைத்தது. உயர் நீதிமன்றத்தின் பக்கத்தில் டிராம் போகிறது. அட்டையின் பின்பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தபால்தலை. எந்த வருஷத்துப் படமாக இருக்கும்? தனுஷ்கோடியில் எடுத்த குடும்பப் படங்களும் சில இருக்கின்றன. கட்டடம் எதுவும் சரியாகத் தெரியவில்லை, ஆட்கள்தான். அவற்றுக்கு மதிப்பு உண்டா? எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வாசகர், தங்கச்சிமடம்

அன்புள்ள தம்பி,

அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தபால்தலையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஆறாம் ஜார்ஜ் தபால்தலை 1937இல்தான் வந்தது. அட்டை தபாலில் போன காலத்தைத்தான் அது சொல்லும். ஒரு படம் நன்றாக விற்றால் அதையே வருஷக்கணக்கில் அச்சடிப்பார்கள். படத்துக்குள்ளேதான் தேட வேண்டும். மெட்ராஸில் டிராம் 1895இல் ஓடத் தொடங்கி 1953இல் நின்றது. உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கு இருந்தது. உங்கள் படத்திலும் இருக்கிறது, ஆனால் வருஷத்தைக் குறுக்க அது உதவாது. தெருவில் ஜட்கா என்ற குதிரை வண்டிகள் நிற்கின்றன, ஒரு மோட்டார்கூட இல்லை. முதல் உலகப் போருக்கு முந்திய படம் என்பது என் கணிப்பு.

ஓரத்தில் நிற்கும் ஜட்காக் குதிரையைப் பாருங்கள். உடம்பு தெளிவாக இருக்கிறது, தலை மட்டும் கலைந்திருக்கிறது. படம் பதிந்த நேரத்தில் தலையை ஆட்டிவிட்டது. 1850, 60களின் படங்களில் பெரிய நகரங்களின் தெருக்கள் ஊரடங்கு போட்டதுபோல் கிடப்பதற்கும் இதுதான் காரணம். அன்று ஒளி பதியப் பல விநாடிகள் பிடித்தன. நடந்து போனவர்கள் படம் பதியும் தகட்டில் தங்கவில்லை.

சரி, தனுஷ்கோடிக்கு வருகிறேன். எனக்கு அந்த அட்டையைவிட இவைதான் பெரிசு. உயர் நீதிமன்றம் இன்றும் நிற்கிறது, யாரும் போய் ஒப்பிட்டுக்கொள்ளலாம். தனுஷ்கோடியை அப்படிப் பார்க்க முடியாது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊர் போனது, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் ஆட்களோடு போனது. இடிந்த சுவர்கள்தான் மிச்சம். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு போட் மெயில் தனுஷ்கோடி வரை வந்தது. அங்கே கப்பலேறி இலங்கையின் தலைமன்னார் போனார்கள். வந்துபோனவர்கள் பாலத்தையும் கப்பல் துறையையும் படம் பிடித்தார்கள். குடியிருந்தவர்கள் தங்கள் வாசலில் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் பெரும்பாலும் வீட்டோடு போயிருக்கும். உங்களுடையவை தாத்தாவின் பெட்டியில் இருந்ததால் தப்பின.

கட்டடம் இல்லை என்கிறீர்கள். மூன்றாவது படத்தில் ஓலை வேலிக்குப் பின்னால் ஒரு தந்திக் கம்பமும் சரக்கு ரயில் பெட்டியின் மூலையும் தெரிகின்றன. அந்த வீடு தண்டவாளத்துக்கு எவ்வளவு பக்கம் என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம். மிச்சத்தைச் சொல்லப் பெரியவர்கள் வேண்டும். புயலின்போது பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. படத்தைக் கையில் கொடுத்துக் கேளுங்கள்: இது யார், வாசல் எந்தப் பக்கம் பார்த்தது, குடிதண்ணீர் எங்கே எடுத்தீர்கள்? போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்த மாதமே கேளுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம், லேமினேஷன் செய்துவிடாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது. பசை ஒட்டும் ஆல்பமும் வேண்டாம். பின்பக்கம் எழுதுவதானால் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள், பேனா மை ஊறி முன்னால் வரும். உங்கள் ஊர் ஈரக்காற்றுக்கு, தனித்தனிக் காகித உறையில் போட்டுத் தகரப் பெட்டியில் வைத்து, தரையில் வைக்காமல் மேலே வையுங்கள். ஸ்கேன் எடுக்கும்போது பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டுடியோ முத்திரை இருந்தால் ஊர் தெரியும். மூன்றாவது படத்தை மட்டும் முடிந்த அளவு பெரிதாக எடுத்து அனுப்புங்கள். ரயில் பெட்டியில் ஏதோ எழுதியிருக்கிறது, படிக்க முடிகிறதா பார்க்கிறேன்.