சைக்கிளில் தொலைத்த ஓட்டம்

அன்புள்ள அண்ணனுக்கு,

புதுவயலில் அரிசி ஆலை வைத்திருக்கிறோம். எனக்கு வயது 38. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்னதில் ஓட ஆரம்பித்தேன், அப்புறம் சைக்கிள், அது இழுத்துக்கொண்டு போய் போன மாதம் கிழக்குக் கடற்கரைப் பக்கம் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கிற ஓர் ஒலிம்பிக் தூர ட்ரையத்லானில் இறக்கிவிட்டது. ஊரணியில் நீந்தி வளர்ந்தவன் என்பதால் நீச்சலைப் பற்றிக் கவலையே படவில்லை. ஆனால் கடலில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் யாருடைய காலோ முகத்தில் பட்டு மூச்சு முட்டிவிட்டது. காவலுக்கு நின்ற கயாக் படகு ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிதந்தேன். 1.5 கிலோமீட்டருக்கு 46 நிமிடம். சைக்கிள்தான் பிரமாதம். ஊரில் மணிக்கு 28ல் ஓட்டுகிறவன் அன்றைக்கு 32ல் போய் 40 கிலோமீட்டரை 75 நிமிடத்தில் முடித்தேன். ஓட்டத்தில் தொடை பிடித்துக்கொண்டது, பாதிக்கு மேல் நடந்தேன், 10 கிலோமீட்டருக்கு 95 நிமிடம். சாதாரண நாளில் 62ல் ஓடுவேன். கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தேன். பெரியப்பா "எத்தனாவதுடா வந்தே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஓட்டம்தான் என் பலவீனம் என்று தெரிந்துவிட்டது, இனி அதற்குத்தான் பயிற்சி. சைக்கிளில் இன்னும் வேகம் கூட்ட இரண்டு லட்சத்துக்கு ஒரு கார்பன் சைக்கிள் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

(பெயர் வேண்டாம்), புதுவயல்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. 38 வயதில் ஆலையையும் பார்த்துக்கொண்டு 10 கிலோமீட்டரை 62 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு அது பலவீனமா? நீங்கள் பிரமாதம் என்று எழுதியிருக்கிறீர்களே அந்த 75 நிமிடம், கோளாறு அங்கேதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வழக்கமான 28 கிலோமீட்டர் வேகத்திலேயே போயிருந்தால் 86 நிமிடம் ஆகியிருக்கும். ஆக நீங்கள் மிச்சம் பிடித்தது 11 நிமிடம். நீந்தி, சைக்கிள் மிதித்து, வெயிலில் ஓடும்போது 62 கிடைக்காது, 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். 95 ஆனது என்றால் விட்டது 25 நிமிடம். 11 வாங்க 25 கொடுத்திருக்கிறீர்கள்.

ஏன் அவ்வளவு கொடுக்க வேண்டிவந்தது என்றால், சமதளத்தில் சைக்கிள்காரனின் சக்தியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது, அதற்கு வேண்டிய சக்தி வேகத்தோடு சேர்ந்து நேராக ஏறாது, மும்மடியாக ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. 28லிருந்து 32 என்பது கேட்க நாலு கிலோமீட்டர்தான், ஆனால் காற்றுக்கு மட்டும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். அதையும் பயிற்சியில் ஒரு நாளும் கொடுத்துப் பழகாத கால்களிடமிருந்து, அதுவும் கடலில் ஏற்கெனவே ஒரு முறை பதறிவிட்ட உடம்பிலிருந்து. தொடை பிடிக்காமல் என்ன செய்யும்?

டிவியில் ஒலிம்பிக் பார்த்துவிட்டு நிறையப் பேர் ஏமாறுகிற இடமும் இதுதான். 2024ல் பாரிஸ் ட்ரையத்லானில் பிரிட்டனின் அலெக்ஸ் யீ கடைசி சில நூறு மீட்டரில் நியூசிலாந்தின் ஹேடன் வைல்டை முந்தித் தங்கம் வாங்கியதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களெல்லாம் சைக்கிளில் கூட்டமாகப் போகிறவர்கள், முன்னால் போகிறவன் காற்றை வாங்க, பின்னால் இருப்பவன் காலைச் சேமித்துக்கொள்வான். அவர்கள் போட்டியில் அதற்கு அனுமதி உண்டு. வயதுவாரியாகப் பிரித்துப் போட்டியிடுகிற நம்மைப் போன்ற சாதாரணக்காரர்களுக்குப் பெரும்பாலும் கிடையாது, இந்தத் தூரப் போட்டியில் முன்னால் போகிற சைக்கிளிலிருந்து 10 மீட்டர் விட்டுத்தான் போக வேண்டும், நெருங்கினால் முந்திவிட வேண்டும். அதாவது 40 கிலோமீட்டர் காற்றும் உங்கள் ஒருத்தருக்கே சொந்தம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர் கட்டாயம் இருப்பார். அவரைக் கேளுங்கள். வருஷா வருஷம் போகிற பெரியவர்கள் குன்றக்குடி தாண்டி முதல் நாளில் வேகம் காட்ட மாட்டார்கள், புதிதாக வந்த இளவட்டம்தான் முன்னால் போய் மூன்றாம் நாள் காலில் கொப்புளத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும். ட்ரையத்லானில் சைக்கிள்தான் அந்த முதல் நாள். அப்படியே பெரியப்பாவுக்கும் பதில் கிடைத்துவிடும், பழனிக்குப் போய்த் திரும்பினவரை யாராவது எத்தனாவது வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்களா?

ஆகவே ஓட்டத்தைத் தனியாகக் கூட்டுவதில் பெரிய பலன் இல்லை. சைக்கிளை விட்டு இறங்கின கையோடு ஓடிப் பழகுங்கள், ட்ரையத்லான்காரர்கள் பிரிக் என்று சொல்வது இதைத்தான். வாரம் ஒரு நாள் 20 கிலோமீட்டர் மிதித்துவிட்டு, தண்ணீர் குடிக்கக்கூட உட்காராமல் 3 கிலோமீட்டர் ஓடினால் போதும். முதல் ஒரு கிலோமீட்டர் கால் உங்களுடையதாகவே இருக்காது, மரக்கட்டை. அது போட்டியன்று முதல் தடவையாக வந்தால் பயந்துபோவீர்கள், பழகியிருந்தால் சரி, வழக்கமானதுதான், கொஞ்சத்தில் விட்டுவிடும் என்று போய்க்கொண்டிருப்பீர்கள்.

நம் சாலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போய்த் திரும்பினால் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வந்துவிடும், கிட்டத்தட்ட சமதளம். ஏற்றம் இல்லை என்று சந்தோஷப்பட வேண்டாம், இறக்கமும் இல்லை. பெடலை விட்டுவிட்டு ஓய்வெடுக்க இடமே கிடையாது என்பதால் இழுத்துப் பிடிக்காமல் ஒரே சீராக மிதிப்பதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல சாலை அமையாது. ஆடிக் காற்றில் கிளம்புங்கள், வேகம் காட்டுகிற கருவியை மறைத்து வைத்துவிட்டு. எதிர்க்காற்றில் 22 தான் வரும், திரும்பும்போது சும்மா மிதித்தாலே 34 வரும், இரண்டிலும் மூச்சு ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், போட்டியிலும் முதல் 10 கிலோமீட்டருக்கு அதுதான் அளவு.

இப்போது கடலுக்கு வருவோம், ஏனென்றால் கடன் அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது. ஊரணி நீச்சலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், நானும் படித்துறையிலிருந்து தள்ளிவிடப்பட்டு நீந்தக் கற்றவன்தான். ஆனால் ஊரணியில் நாம் தலையை வெளியே வைத்துக்கொண்டு நீந்துகிறோம், அதில் இடுப்பும் காலும் தாழ்ந்துவிடும், அதை இழுத்துக்கொண்டு 1.5 கிலோமீட்டர் போவது பெரும்பாடு. அங்கே யாரும் மேலே விழுவதில்லை, எந்தப் பக்கம் பார்த்தாலும் கரை. கடலில் நூறு பேரோடு இறங்கி, பதற்றத்தில் முதல் இருநூறு மீட்டரை வேகமாக அடித்து, முகத்தில் ஓர் உதை வாங்கியதும் உடம்பு மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. மூச்சு முட்டுகிற அந்த உணர்ச்சி பெரும்பாலும் உள்ளே காற்று போதாததால் வருவதில்லை, வெளியே விடாததால் வருவது, கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துகொண்டு விரட்டுகிறது. தண்ணீருக்குள் முகம் இருக்கும்போது மூக்காலும் வாயாலும் குமிழி குமிழியாக ஊதி வெளியேற்றுங்கள், தலையைத் திருப்பியதும் உள்ளே இழுப்பது தானாக நடக்கும். அப்படியும் முடியவில்லை என்றால் மல்லாந்து மிதக்கலாம். கயாக்கைப் பிடித்தது சரியான காரியம், அதை வைத்து முன்னே நகராதவரை விதியிலும் அதற்கு இடம் உண்டு. ஆறேழு கைவீச்சுக்கு ஒரு தடவை கண்ணை மட்டும் தூக்கி, வழி காட்டுகிற மிதவையைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் 1.5 என்று நினைத்து 1.8 நீந்தி வருவீர்கள், உங்கள் 46 நிமிடத்தில் அதுவும் கொஞ்சம் இருக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஊரணிகள் நிறைந்திருக்கும்போது பழகுங்கள், குடிநீர் ஊரணியை விட்டுவிட்டு. கடல் பழக்கத்துக்குத் தொண்டிப் பக்கம் போகலாம், பாக் விரிகுடாவின் ஆழம் குறைந்த கரை. ஆனால் உள்ளூர் மீனவர் ஒருவரையாவது வல்லத்தில் கூட வைத்துக்கொள்ளுங்கள், தனியாக வேண்டாம்.

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுகிற ட்ரான்ஸிஷனை வீட்டு வளவிலேயே பழகலாம். ஹெல்மெட்டின் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும், இந்த வரிசை கைக்குப் பழக்கமாகிவிட்டால் பதற்றத்தில் மாறாது. ஈரக்காலோடு ஆத்தங்குடிக் கல்லில் ஓடாதீர்கள், அப்புறம் ட்ரையத்லானே இல்லை.

சாப்பாட்டை நீங்கள் எழுதவே இல்லை. சைக்கிளில் காற்று வியர்வையை உலர்த்திக்கொண்டே வருவதால் எவ்வளவு இழந்தோம் என்று தெரிவதில்லை, இறங்கி ஓட ஆரம்பித்ததும்தான் வெயில் உறைக்கும். ஓடும்போது வயிறு அதிகம் வாங்காது, அதனால் குடிப்பதும் தின்பதும் சைக்கிளின் முதல் பாதியில் நடந்துவிட வேண்டும், வெறும் தண்ணீராக இல்லாமல் ஓ.ஆர்.எஸ். கலந்தது. முந்தின ராத்திரி இடியாப்பம் நல்லது. வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் போட்டி முடிந்த பிறகு.

சர்க்கரை பற்றி டாக்டர் சொன்னதாக எழுதியிருப்பதால் போட்டிக்கு முன்னும் பின்னும் என்ன சாப்பிடுவது என்பதை அவரிடமே கேட்டுவிடுங்கள், என் இடியாப்பத்தை நம்ப வேண்டாம்.

கார்பன் சைக்கிள் இப்போது வேண்டாம். அதில் ஏறினால் 33, 34 என்று போகத் தோன்றும், இன்னும் இரண்டு, நாலு நிமிடம் மிச்சமாகி ஓட்டத்தில் இன்னும் பத்து நிமிடம் போகும். இருக்கிற சைக்கிளுக்கு நல்ல டயர் போடுங்கள், சீட் உயரத்தைத் தெரிந்தவரிடம் காட்டிச் சரிசெய்யுங்கள். அடுத்த போட்டியில் 40 கிலோமீட்டரை 84 நிமிடத்தில் முடித்துவிட்டு முழுப் பத்தையும் நடக்காமல் ஓடி வந்தீர்கள் என்றால், அப்போது எழுதுங்கள், எந்த சைக்கிள் என்று பேசுவோம்.