மூன்று வரிசைகளில் எது சரி?

கேள்வி: முதுநிலை நுண்ணுயிரியல் படிக்கிறேன். பாக்டீரியா இணைவைக் கொண்டு (இரு செல்கள் ஒட்டிக்கொண்டு ஒன்று மற்றதற்கு மரபணுக்களைத் தருவது) மரபணு வரிசையைக் கண்டறியும் பாடத்தில், ஒரு எச்.எஃப்.ஆர். வகை (தன் குரோமோசோம் மரபணுக்களை அடிக்கடி வழங்கும் பாக்டீரியா வகை) தெரியோனின், லாக்டோஸ், காலக்டோஸ், ஹிஸ்டிடின், தயமின் என்ற வரிசையில் மரபணுக்களை அனுப்புகிறது. இன்னொன்று தயமினில் தொடங்கித் தெரியோனின், லாக்டோஸ் என்று போகிறது. மூன்றாவது, தெரியோனினில் தொடங்கித் தயமின், ஹிஸ்டிடின் என்று எதிர்த்திசையில் போகிறது. ஒரே ஈ.கோலை பாக்டீரியாவுக்கு மூன்று வரிசைகள் எப்படி? தூரத்தை ஏன் நிமிடத்தில் சொல்கிறார்கள்?
— வாசகி, தங்கச்சிமடம்

பதில்: மூன்றும் சரி. ஆனால் நிமிடக் கணக்கு புரிந்தால்தான் அது ஏன் என்பது விளங்கும் என்பதால், உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிறு முதலில் கரையேறும். மடி கடைசியில்தான் மணலைத் தொடும். இழுக்கும் வேகம் சீராக இருந்தால், கயிற்றின் எந்த முடிச்சு எத்தனையாவது நிமிடத்தில் கரைக்கு வந்தது என்று குறித்துக்கொண்டாலே முடிச்சுகளின் வரிசையும் இடைவெளியும் தெரிந்துவிடும். எச்.எஃப்.ஆர். செல்லின் டி.என்.ஏ.வும் இப்படித்தான், ஒரு முனையில் தொடங்கி, ஏறத்தாழ மாறாத வேகத்தில், ஒற்றை இழையாகப் பெறும் செல்லுக்குள் நுழைகிறது.

பாக்டீரியாக்களிடையே மரபணுப் பரிமாற்றம் உண்டு என்பதை லெடர்பர்க்கும் டேட்டமும் 1946இல் காட்டியிருந்தார்கள். அதைக் கடிகாரத்தோடு இணைத்தவர்கள் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய வோல்மானும் ஜாக்கோபும். 1950களின் நடுவில் அவர்கள் செய்த சோதனையின் எளிமை இன்றும் என்னை வியக்க வைக்கிறது. வழங்கும் எச்.எஃப்.ஆர். செல்கள், பெறும் செல்கள் என இரு வகையையும் 37 டிகிரி செல்சியஸில் கலந்துவிட்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை சிறிதளவு எடுத்து, சமையலறை மிக்சி போன்ற கருவியில் சுழற்றினார்கள். ஒட்டியிருந்த இணைகள் பிரிந்தன, ஆனால் செல்கள் சாகவில்லை. பிறகு அந்தக் கலவையை ஸ்ட்ரெப்டோமைசின் உள்ள, தெரியோனினும் லியூசினும் இல்லாத தட்டில் பரப்பினார்கள். அந்த மருந்தைத் தாங்காத வழங்கிச் செல்கள் மடிந்தன. தெரியோனின், லியூசின் மரபணுக்கள் கிடைக்காத பெறும் செல்கள் வளர வழியின்றி நின்றன. ஆகவே தட்டில் எழுந்த ஒவ்வொரு கூட்டமும், அந்த மரபணுக்களைப் பெற்றுத் தன் டி.என்.ஏ.வில் சேர்த்துக்கொண்ட ஒரு பெறும் செல்லின் வழித்தோன்றல். அந்தக் கூட்டங்களில் மற்ற பண்புகளைச் சோதித்தபோது அசைடு என்ற நஞ்சு தொடர்பான மரபணு சுமார் 9 நிமிடத்திலும், பாக்டீரியாவைத் தாக்கும் டி1 வைரஸ் தொடர்பான மரபணு சுமார் 11 நிமிடத்திலும், லாக்டோஸ் 18 நிமிடத்திலும், காலக்டோஸ் 25 நிமிடத்திலும் தலைகாட்டத் தொடங்கின.

இனி உங்கள் மூன்று வரிசைகளுக்கு வருவோம். இராமேஸ்வரத்தில் விற்கும் சிப்பி மாலை ஒன்றில் சங்கு, சோழி, முத்துச்சிப்பி என வெவ்வேறு வகைகள் கோக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை ஓரிடத்தில் வெட்டி நீட்டினால் ஒரு வரிசை. வேறிடத்தில் வெட்டினால் வேறொரு தொடக்கம். மறுமுனையிலிருந்து படித்தால் திசையும் மாறும். ஆனால் எப்படி வெட்டினாலும், வெட்டு விழுந்த இடம் தவிர, பக்கத்துப் பக்கத்துச் சிப்பிகள் மாறுவதில்லை. உங்கள் குறிப்பேட்டிலும் லாக்டோஸுக்குப் பக்கத்தில் காலக்டோஸும், அதற்குப் பக்கத்தில் ஹிஸ்டிடினும் மூன்றிலும் இருக்கின்றன அல்லவா? முதல் வரிசையில் இரு கோடிகளில் இருக்கும் தெரியோனினும் தயமினும் மற்ற இரண்டிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. இப்படி அமைய வேண்டுமென்றால் குரோமோசோம் வளையமாகத்தான் இருக்க வேண்டும். இணைவைத் தொடங்கிவைக்கும் டி.என்.ஏ. துண்டான எஃப் காரணி, அந்த வளையத்தின் பல இடங்களில், இரு திசைகளிலும், நுழையக்கூடியது. அது நுழைந்த இடமே வெட்டு விழும் இடம், அது நுழைந்த திசையே மரபணுக்கள் புறப்படும் திசை. வளையத்தைக் கண்ணால் காட்டும் படத்தை 1963இல் கெய்ர்ன்ஸ் வெளியிட்டார். அதற்கு முன்பே இணைவுச் சோதனைகள் அதைச் சொல்லிவிட்டன.

முழு வளையமும் கடக்க சுமார் 100 நிமிடம் ஆகும். பெரும்பாலான இணைகள் அதற்கு முன்பே தாமாகப் பிரிந்துவிடுவதால், கடைசியில் வரும் மரபணுக்கள் அரிதாகவே போய்ச் சேரும். எஃப் காரணியின் ஒரு பகுதியும் கடைசியில்தான் வருகிறது. அதனால் பெறும் செல் எச்.எஃப்.ஆர். ஆக மாறுவது மிக அரிது.

தேர்வுக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: 1997இல் வெளியான, ஈ.கோலையின் கே-12 என்ற ஆய்வக வகையின் முழு டி.என்.ஏ. வரிசையில் சுமார் 46 லட்சம் கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) உள்ளன. ஆகவே ஒரு நிமிடம் என்பது ஏறத்தாழ 46,000 இணைகள். இரண்டு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் உள்ள மரபணுக்களை இந்த முறையில் தெளிவாகப் பிரித்தறிவது கடினம். அதற்குப் பி1 வைரஸ் வழியாக மரபணுக்களைக் கடத்தும் முறையையே நாடினார்கள்.