மகள் செமினரிக்குப் போகிறேன் என்கிறாள்

போன வாரம் பொறையாறு பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா, அம்மா, ப்ளஸ் டூ முடித்த மகள், கூடவே தாய்மாமா. மகள் செமினரியில், அதாவது கிறிஸ்தவ குருமார்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரியில், இறையியல் படிக்கவேண்டும் என்கிறாள். மாமாவோ ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இடம் பேசிவிட்டார். பணம் கட்டப் பத்து நாள்தான் பாக்கி. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஐயரம்மா ஆகணும்னா சரி சார், ஐயராவே ஆகணும்னா எப்படி?" (எங்கள் சபைகளில் ஐயர் என்றால் குருவானவர், ஐயரம்மா அவர் மனைவி.)

பயப்படாதீர்கள், பேசிப் பார்க்கலாம் என்று நானும் ஆரம்பித்தேன். அப்போது அந்தப் பெண் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பின் அட்டைப் பக்கமாகத் திறந்தாள். வலமிருந்து இடமாக எபிரெய எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் கீழே பென்சிலில் தமிழ் உச்சரிப்பு. யூடியூப் பார்த்து ஏழு மாதமாக எழுதுகிறாளாம். அதன் பிறகு சமாதான வார்த்தை பேச எனக்கு மனம் வரவில்லை.

மாமாவிடம் நேராகவே சொன்னேன். நீங்கள் சொல்லும் எட்டு லட்சத்தில் பாதி அக்காவின் நகை, மீதி கல்விக் கடன். கணக்கைக் கண்டாலே ஒதுங்குகிற பிள்ளை இவள். படிப்பு பாதியில் நின்றாலும் கடனை அடைக்க வேண்டியவள் இவள்தான். சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வதற்காக நகையை அடகு வைக்கக் கூடாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

இன்ஜினீயரிங்குக்கு வழி சொல்லத் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். செமினரிக்கு வழி சொல்லத்தான் ஆளில்லை. அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சாதாரணக் கலைப் பட்டம். பொறையாறிலேயே டி.பி.எம்.எல். கல்லூரி இருக்கிறது. மார்ட்டின் லூதர் வழிவந்த புராட்டஸ்டண்ட் சபையான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ராஜா மாணிக்கத்தின் பெயரில் நடக்கும் கல்லூரி. வீட்டுச் சாப்பாடு, டவுன் பஸ். இந்தப் பட்டத்தைத் தவிர்த்துவிட்டு நேரே செமினரிக்கு அனுப்பாதீர்கள். நாளை அவள் மனம் மாறினால், பி.எட்., அரசுத் தேர்வு என்று எதற்கும் இதுதான் கைகொடுக்கும்.

பிறகு நான்கு வருட பி.டி. என்ற இறையியல் இளநிலைப் பட்டம், இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டின் கீழ். 1927-இல் தொடங்கிய குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே ஆங்கிலத்தில்தான் பாடம். ஆந்திரா, ஜார்கண்ட் பக்கத்து லுத்தரன் பிள்ளைகளும் வந்து படிக்கிறார்கள். தமிழிலேயே படிக்க விரும்பினால் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி. எபிரெயம், கிரேக்கம், திருச்சபை வரலாறு, பிற சமயங்கள், ஆற்றுப்படுத்தல் எல்லாம் உண்டு. படிக்கும்போதே சபைகளுக்குப் போய்ப் பழகவேண்டும்.

ஐயராவதற்கான குருப்பட்டம்தான் வேண்டுமென்றால் எந்த லுத்தரன் சபை என்பதை முதலில் பாருங்கள். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் பெண்களும் ஐயர்களாக இருக்கிறார்கள். ஆம்பூர், நாகர்கோவில் பக்கம் வேரூன்றிய இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பதில்லை. இது தெரியாமல் சேர்ந்துவிட்டுப் பின்னால் வருந்தக் கூடாது.

ஆனால் இந்தப் பெண்ணுக்கு நான் சொல்வது வேறு வழி: செமினரி ஆசிரியர். பி.டி.க்குப் பின் இரண்டு வருடம் எம்.டிஎச். என்ற முதுநிலைப் பட்டம், அப்புறம் முனைவர் பட்டம். பொறுமை வேண்டும். பல செமினரிகளில் ஆசிரியர்கள் வளாகத்திலேயே குடியிருப்பார்கள். காலையில் சிற்றாலய ஆராதனை, பிறகு இலக்கண வகுப்பு, மாலையில் மாணவர் எழுதிவந்த பிரசங்கத்தைத் திருத்துவது, ஞாயிறு எங்கோ ஒரு கிராமத்து ஆலயத்தில் நற்செய்தி சொல்வது. சம்பளம் ஐ.டி. வேலைக்குப் பக்கத்தில்கூட வராது. அதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன், தலையாட்டினாள்.

இவள் ஊருக்கு அருகில்தான் தரங்கம்பாடி. 1706-இல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், பத்தே வருடத்தில், 1716-இல், உள்ளூர் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் பயிற்றுவிக்க ஒரு செமினரி தொடங்கினார். 1733-இல் ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றார். அந்தக் காலத்துக் கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில், பிராங்கே நிறுவன ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தமிழும் ஜெர்மனும் எபிரெயமும் தெரிந்த ஒருத்திக்கு அங்கே வாழ்நாள் முழுக்க வேலை இருக்கிறது. இதைச் சொன்னபோது அவள் நோட்டை மூடி மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கடனைப் பற்றி இன்னொன்று. வேப்பேரியில் 1779-இல் தமிழ்-ஆங்கில அகராதி அச்சிட்ட ஜெர்மானிய மிஷனரி பெப்ரிசியஸ் ஐயர், முதிய வயதில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். அவ்வளவு பெரிய அறிஞரையே கடன் அலைக்கழித்தது. எனவே செமினரிக்கும் கடன் வாங்காதீர்கள். சபையின் பரிந்துரையோடு போனால் செலவில் சபை எவ்வளவு ஏற்கும், படித்த பிறகு எத்தனை வருடம் ஊழியம் செய்யவேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பிள்ளைக்கு விருப்பமே இல்லாமல், அது சின்னதாக இருந்தபோது தாங்கள் கடவுளுக்குச் செய்த பொருத்தனைக்காக, அதாவது நேர்ச்சைக்காக, செமினரிக்கு அனுப்புகிற பெற்றோரும் என்னிடம் வருகிறார்கள். அவர்களையும் இதே உறுதியோடு தடுப்பேன். பொருத்தனை செய்தது நீங்கள், வாழப்போவது பிள்ளை.

இந்த விடுமுறையில் ஒரு பெண் ஐயர் குடியிருக்கும் குருமனையில் மகளை ஒரு வாரம் தங்கவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். நோயாளி வீடு, அடக்க ஆராதனை, சபைக் கூட்டத்தில் வரும் சண்டை எல்லாவற்றையும் அவள் கூட இருந்து பார்க்கட்டும். திரும்பி வந்து வேண்டாம் என்று சொன்னாலும் ஜூனில் பி.ஏ. வகுப்பு தொடங்கும். நகையும் வீட்டிலேயே இருக்கும்.